டி.சி. மாமா ஆன கதை

எனக்கு இத்தாலிய மொழியில் நான்கு வார்த்தைகள் தெரியும். நான்கையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட இடம் சிதம்பரத்தில் ஒரு தேவாலயம். சந்தர்ப்பம் என் தங்கையின் கல்யாணம். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் என்னைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டால், ஏறப்போகாத பஸ்ஸின் போர்டை உற்றுப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தோள் மட்டும் குலுங்கும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் கடலூர் முதுநகர். வாரத்தில் ஆறு நாள் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கீபோர்டு. யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. காதில் விழுந்தால் கை வாசித்துவிடும். இதை நான் வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் இருந்தவர்களின் கருத்து வேறு. அவர்கள் ஒரு சரணத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் புகுந்து, சொந்தச் சரக்காக நாலு சங்கதி போட்டுவிட்டுத்தான் வழி விடுவேன். ஒருமுறை எங்கள் குழுத் தலைவர், "சாமு, நாங்க எப்ப பாடலாம்னு நீயா பாத்து சொல்லுப்பா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். (அம்மாவும் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பமே அப்படி.)

இந்த நிலைமையில் என் தங்கை ரூபிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ரூபி நர்ஸ். மாப்பிள்ளை தங்கமான மனிதர், அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் தைரியம் வேண்டும். ஹெலன் டீச்சர். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயதில் பியானோ படித்தவர். விரல் மூட்டு வலியால் வாசிப்பை விட்டாரே தவிர, மற்றவர்கள் வாசிப்பதில் தப்புக் கண்டுபிடிப்பதை விடவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காபி கொடுத்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு எங்க சாமுவே கீபோர்டு வாசிப்பான். ரொம்ப நல்லா வாசிப்பான்."

ஹெலன் டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நல்லா வாசிக்கிறது இருக்கட்டும். எழுதியிருக்கிறத வாசிப்பாரா?"

"நோட்ஸ் படிப்பேங்க" என்றேன் நான். அது முழுப் பொய் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பஸ் போர்டைப் படிப்பதுபோல எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பஸ் போய்விடும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு ஜெராக்ஸ் தாள் வந்து சேர்ந்தது. ஹெலன் டீச்சர் தன் கல்யாணத்தில் உள்ளே நடந்து வந்தபோது வாசித்த இசையாம். ரூபியும் அதற்குத்தான் நடந்து வரவேண்டும் என்பது உத்தரவு. கூடவே ஒரு சின்னக் குறிப்பு: "தாளில் இருப்பது மட்டும்."

அன்று சாயங்காலம் ரூபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சண்டை போடுவதற்குத் தவிர அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"அண்ணா, அவுங்க மூத்த மருமக இருக்காங்கல்ல, அவுங்க கல்யாணத்துல எவனோ உள்ள வர்றப்ப சினிமா ட்யூன் வாசிச்சுட்டானாம். அஞ்சு வருசம் ஆச்சு. இன்னிக்கி வரைக்கும் அத்தை அதச் சொல்லிக் காட்றாங்களாம். கொழம்புல உப்பு ஜாஸ்தியானாகூட, 'சினிமா பாட்டுக்கு நடந்து வந்தவதானே'ங்குறாங்களாம். அந்த மருமகளே என்கிட்ட போன் பண்ணி சொன்னாங்க."

"அடப்பாவமே."

"இன்னொண்ணும் சொன்னாங்க. சர்ச்ல மியூசிக் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப யாரும் குறுக்க பேசக் கூடாதாம். ஒரு ஐயர் பாட்டு முடியிறதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டாராம். அத்தை எழுந்திரிச்சு, 'ஐயரே, உக்காருங்க'ன்னுட்டாங்களாம். அவரும் உக்காந்துட்டாராம்." (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.)

"நான் என்ன பண்ணணும்கிற?"

"ஒண்ணும் பண்ணாத. அதான் வேணும். பேப்பர்ல என்ன இருக்கோ அத மட்டும் வாசி. நீயா ஒண்ணும் சேக்காத, நீயா ஒண்ணும் எடுக்காத. நான் அந்த வூட்ல காலம் பூரா இருக்கணும்ணா. மொத நாளே என்னைய சிரிப்பா சிரிக்க வச்சிடாத."

பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாள். வைத்தேன். அந்த வாக்கை அட்சரம் பிசகாமல் நான் காப்பாற்றியதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பயிற்சியை ஆரம்பித்தேன். கூட்டாளி என் சிநேகிதன் குமார், முதுநகரில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவன். கல்யாணத்தன்று தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு, வாசிக்கும் இடத்தை விரலால் காட்டுவது அவன் வேலை. என் கண் விசைப்பலகைக்கும் தாளுக்கும் போய்வந்தால் இடம் தவறிவிடும், அதற்காக இந்த ஏற்பாடு.

தாளில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியின் ஆரம்பம் பிரமாதம். இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கவேண்டிய ஐந்தாறு அடி; கேட்டால் யாராக இருந்தாலும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பகுதி முடிகிற இடத்தில், தாளின் நட்டநடுவில், இரட்டைக் கோடு போட்டு Fine என்று அச்சிட்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டாம் பகுதி. அதன் கடைசியில், தாளின் அடியில், D.C. al Fine என்று இருந்தது.

குமார் அதைப் பார்த்தவுடன் கீபோர்டைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினான். அடாப்டர் பின் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் டி.சி. என்று போட்டிருந்தது.

"பாத்தியா மச்சான்? அதே டி.சி. அடாப்டர் போட்டுத்தான் வாசிக்கணும், பேட்டரில வாசிச்சா நல்லா இருக்காதுன்னு போட்டிருக்கான்."

நான் சிரித்தேன். அறிவாளி ஒருவன் பாமரனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. ஏனென்றால் கீபோர்டு வாங்கியபோது கூடவே வந்த புத்தகத்தில் நான் படித்திருந்தேன்: டி.சி. என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும். அதற்கு இத்தாலிய மொழியில் ஏதோ பெயரும் இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்தின் மேல் அம்மா முறுக்கு வைத்திருந்ததால் மிச்சத்தை எண்ணெய் குடித்துவிட்டது.

"அப்ப 'ஆல் ஃபைன்'னா?" என்றான் குமார்.

"ஆல் ஃபைன். எல்லாம் நல்லபடியா இருக்கும்னு அர்த்தம். ஒரு எல் விட்டுப்போயிருக்கு. ஜெராக்ஸ்ல அடிபட்டிருக்கும்."

"நடுவுல சும்மா 'ஃபைன்'னு இருக்கே?"

"நம்ம நோட்டுல டீச்சர் செவப்பு மையில எழுதுவாங்கல்ல, குட்டு, ஃபைன்னு. அந்த மாதிரி. இந்த எடத்த நல்லா வாசிக்கணும்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அன்றிலிருந்து அந்த 'ஃபைன்' வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, விரலை நடுங்கவிட்டு, அப்படியே தேனாக இழைத்து வாசிக்கப் பழகினேன். சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை. தாளில் நன்றாக வாசி என்று இருந்தது, நன்றாக வாசித்தேன்.

குமார் விடவில்லை. "மச்சான், ஒரு சந்தேகம். கீழ வந்தா டி.சி., மேல போயிடுற. மறுபடி கீழ வருவ. மறுபடி டி.சி. இருக்கும். மறுபடி மேல போவ. அப்புறம் எப்பதான் எறங்குறது?"

நல்ல கேள்வி. உலகத்திலேயே மிகச் சரியான கேள்வி. நான் அதற்கு வாயைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது.

இந்தக் கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தானே புயலுக்கு முந்தின கோடை அது. கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். என் கீபோர்டில் பேட்டரி போடும் அறையில் எறும்புகள் குடியிருந்தன, அதனால் கரண்ட் போனால் வாசிப்பும் போய்விடும். அந்த ஒரு மாதத்தில் நான் அந்த இசையை எத்தனையோ முறை வாசித்திருப்பேன். ஒருமுறைகூட நானாக முடித்ததில்லை. ஒன்று மின்வாரியம் முடித்து வைக்கும், இல்லாவிட்டால் அம்மா, "சோறு ஆறுதுடா" என்று முடித்து வைப்பார். முடிவு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேடவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் தானாகவே நின்றுவிடும்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. வேன் பிடித்து எல்லோரும் காலையிலேயே கிளம்பினோம். காடாம்புலியூரிலிருந்து எங்கள் தாய்மாமா மட்டும் பஸ்ஸில் நேராக வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவராக ஆனவர். மாமா முந்திரித் தோப்பும் பலா மரமும் சாமி கும்பிடுவதுமாக அப்படியே இருப்பவர். முந்தின நாள் போனில் என்னிடம் ஒரே விஷயத்தை நாலு தடவை சொன்னார்.

"டேய் சாமு, புதங்கெழம பன்னண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள தாலி ஏறிடணும்."

"மாமா, சர்ச்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"நீங்க பாக்கலேன்னா ராகு காலம் லீவுல போயிடுமா?"

அம்மா போனைப் பிடுங்கி, "பதினொண்ணுக்கே ஆரம்பிச்சிடுவாங்கண்ணா, அதெல்லாம் அரை மணில முடிஞ்சிடும்" என்று ரகசியக் குரலில் சொன்னார். (கிறிஸ்தவராகி முப்பது வருஷம் ஆகியும் அம்மா கோழி வாங்கக்கூட ராகு காலத்தில் போகமாட்டார். கேட்டால் வெயில் என்பார்.)

தேவாலயத்தில் கீபோர்டை ஒரு மூலையில், சுவரைப் பார்த்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் பலிபீடமும் சபையும் என் முதுகுக்குப் பின்னால். தலைக்கு மேல் ஒரு ஃபேன், தாளைக் கிழித்துவிடும் வேகத்தில். கடன் வாங்கிய கோட்டு எனக்கு. மே மாதத்தில் கோட்டுப் போட்டவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெருமையாகச் சொன்னார்கள்: "கரண்டப் பத்திக் கவலையே படாதீங்க. ஜெனரேட்டர் போட்டிருக்கோம். ரெண்டு மணி நேரம் நின்னு வாசிச்சாலும் போவாது." நான் சந்தோஷப்பட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிவை அவர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

பெண் வீட்டு வேன் கொஞ்சம் தாமதம், பூ வர இன்னும் கொஞ்சம் தாமதம் என்று எல்லாம் சேர்ந்து, ரூபி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது பதினொன்றரை. குமார் காதில் சொன்னான், "வந்துட்டா மச்சான்." நான் கையை ஓங்கினேன்.

இதற்கு மேல் நடந்ததில் பாதியை நான் பார்க்கவில்லை, முதுகுதான் பார்த்தது. கல்யாண வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். (வருஷத்துக்கு ஒருமுறை போட்டுக் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று.)

அந்த ஐந்தாறு அடி விழுந்ததும் சபை முழுக்க எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. வெள்ளைப் பட்டுப் புடவையில் ரூபி அவ்வளவு அழகாக நடந்து வந்தாள். நானும், உண்மையைச் சொன்னால், நன்றாகவே வாசித்தேன். தப்பில்லை, சொந்தச் சரக்கில்லை. முதல் பகுதி முடிந்தது, ஃபைன் இடத்தில் தேனாக இழைத்தேன், இரண்டாம் பகுதிக்குப் போனேன், கீழே வந்தேன். டி.சி. குமாரின் விரல் மேலே போனது. மறுபடி அந்த ஐந்தாறு அடி. ரூபி அதற்குள் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். முதல் வரிசையில் ஹெலன் டீச்சர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திருப்தி. முழுத் திருப்தி. முதல் பகுதி இரண்டாவது முறையாக ஃபைனுக்கு வந்தது. நான் வேகத்தைக் குறைத்து, இழைத்து, நடுங்கவிட்டு, வாசித்து முடித்தேன். ஹெலன் டீச்சர் கண்ணைத் திறந்து புன்னகைத்தார். போதகர் புத்தகத்தைத் திறந்து, "பிரிய" என்றார்.

நான் இரண்டாம் பகுதிக்குப் போனேன்.

போதகர் வாயை மூடிக்கொண்டார். அவர் அந்தச் சபைக்குப் புதியவர், இளைஞர். பழைய ஐயர் உட்கார்ந்த கதை அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஹெலன் டீச்சரின் புன்னகை கொஞ்சம் இறுகியது. ஆனால் வாசிப்பு ஓடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அவராலும் பேச முடியாது.

நான் கீழே வந்தேன். டி.சி. விரல் மேலே. ஐந்தாறு அடி.

சபை மறுபடி வாசல் பக்கம் திரும்பியது. அந்த அடிக்கு அப்படி ஒரு சக்தி. ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னிக்கி ரெண்டு ஜோடியாம்மா?" என்று கேட்டது வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எல்லோரும் இரண்டாவது பெண்ணை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் எங்கள் காடாம்புலியூர் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு முழுப் பலாப்பழம்.

பஸ் தாமதமானதால் மண்டபத்துக்குப் போகாமல் பழத்தோடு நேராக வந்துவிட்டார் மனிதர். உள்ளே வந்து பார்த்தால், நிறைந்த சபை எழுந்து நின்று அவரையே பார்க்கிறது. வாத்தியம் முழங்குகிறது. தாய்மாமனுக்குக் கிறிஸ்தவர்கள் இவ்வளவு மரியாதை செய்வார்கள் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டார். ஒரு கையால் பழத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இரண்டு பக்கமும் கும்பிட்டபடி, என் தாளத்துக்குச் சரியாகக் காலை எடுத்து வைத்து, நடுப்பாதையில் மெதுவாக நடந்து வந்தார். வீடியோக்காரனும் அவர் யாரோ முக்கியமானவர் என்று நினைத்து, முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தான். மாமா பலிபீடத்துப் படியில், பூச்சாடிக்குப் பக்கத்தில், பழத்தை இறக்கி வைத்தார். அப்போதுதான் ரூபியின் கழுத்தைப் பார்த்தார்.

"இன்னும் கட்டலியா? மணி பன்னண்டு ஆவப்போவுதேம்மா."

என் காதிலும் ஏதோ பேச்சுச் சத்தம் விழுந்தது. வாசிக்கும்போது பேசுகிறார்களே, ஹெலன் டீச்சர் என்ன நினைப்பார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒன்று மட்டும் எனக்கும் லேசாக உறுத்த ஆரம்பித்திருந்தது. இது கொஞ்சம் நீளமான இசை. ஆனால் பைபிள் மேல் கை வைத்திருக்கிறேன். தாள் நிறுத்தச் சொல்லாமல் நான் எப்படி நிறுத்துவது? குமாரைப் பார்த்தேன். அவன் தேவாலயத்துக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. ஐயப்பன் சன்னதியில் நிற்பதுபோல் பயபக்தியோடு நின்று விரலை நகர்த்திக்கொண்டிருந்தான். ஃபைன் வந்தது. இழைத்தேன். போதகர், "பிரிய" என்றார். நான் போய்விட்டேன்.

ரூபி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியாரின் முகம் சிவந்துகொண்டே வருவது ஒரு பக்கம். வாட்சைத் தட்டிக்கொண்டு நிற்கும் மாமா ஒரு பக்கம். அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிற நிலை. குறுக்கே புகுந்தால் சட்டத்தை மீறிய மருமகள், காலமெல்லாம் பேச்சு. புகாவிட்டால் அண்ணன் ராகு காலத்தையும் தாண்டி வாசிப்பான். நான் கீழே வந்தேன். டி.சி. குமாரின் விரல் மேலே போனது. ஐந்தாறு அடி. சபை வாசலைத் திரும்பிப் பார்த்தது. ரூபி கையிலிருந்த பூச்செண்டை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"இதப் புடிங்க. வந்துடறேன்."

புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காட்டோடு, என் மூலைக்கு விறுவிறுவென்று நடந்து வந்தாள். கீபோர்டின் பின்னால் கையை விட்டாள். அடாப்டர் பின்னைப் பிடுங்கினாள்.

நான் மேலும் இரண்டு அடி வாசித்தேன். சத்தம் வரவில்லை. தேவாலயத்தில் ஜெனரேட்டரின் உறுமல் மட்டும் கேட்டது.

"இன்னும் முடியல ரூபி" என்றேன்.

"இது முடியாதுண்ணா" என்றாள்.

குமார் அந்த அமைதியில் என் காதில் சொன்னது முன் வரிசை வரைக்கும் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல மச்சான். டி.சி.ன்னா அதான்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். சபை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படியில் ஒரு பலாப்பழம் இருந்தது. ரூபி கையில் அடாப்டர் ஒயரோடு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஹெலன் டீச்சரைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள் என்னிடம்.

ஹெலன் டீச்சர் எழுந்தார். அவர் ரூபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலாப்பழத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரூபியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஃபீனே."

எங்கள் யாருக்கும் புரியவில்லை. தும்மினார் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். ஹெலன் டீச்சரின் மூத்த மகன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். தன் அம்மா தேவாலயத்துக்குள் சிரித்து அவர் பார்த்ததே இல்லையாம். போதகருக்கு உத்தரவு வந்ததுபோல் இருந்திருக்கவேண்டும். "பிரியமானவர்களே" என்று ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு பிரசங்கத்தை நாலு வரியில் சுருக்கி, உடன்படிக்கையை ஓட்டமாக வாசித்து, பன்னிரண்டு அடிக்கும் முன் தாலி ஏறிவிட்டது. மாமாவுக்கு அந்தப் போதகரை இன்றும் பிடிக்கும்.

பந்தியில் ஹெலன் டீச்சர் அந்தத் தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

"இது என்னன்னு நெனச்சீங்க தம்பி?"

"ஃபைன்ங்க. நல்லா வாசிக்கச் சொல்லி."

"ஃபைன் இல்ல. ஃபீனே. இத்தாலியன். முடிவுன்னு அர்த்தம். டி.சி.ன்னா டா கப்போ, தலையிலேருந்து. டா கப்போ அல் ஃபீனே. தலையிலேருந்து ஆரம்பிச்சு முடிவுன்னு போட்டிருக்கிற எடம் வரைக்கும் வாசி, அங்க நிறுத்து. ரெண்டாவது தடவ வந்தப்பவே நிறுத்தியிருக்கணும்."

எனக்கு அவமானத்தையும் மீறி நியாயமான கோபம் வந்தது. "முடிவ எவனாச்சும் நடுவுல எழுதுவானாங்க?"

"எழுதுவான். படிக்கத் தெரிஞ்சவன் வாசிப்பான்னு நம்பி எழுதுவான்" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "சம்பந்தியம்மா, நான் போட்ட சட்டம், நானே மாட்டிக்கிட்டேன். அத்தனை பேர்ல எழுந்து வந்து நிறுத்தணும்னு தோணினது உங்க பொண்ணுக்குத்தான். எங்க வூட்ல எல்லாருக்கும் ஆரம்பிக்கத்தான் தெரியும். நிறுத்த ஒரு ஆளு வேணும்" என்றார். தூரத்தில் நின்ற ரூபிக்கு அது கேட்டது. அவள் முகம் மலர்ந்தபோதுதான் எனக்குப் பிரியாணி இறங்கியது.

கை கழுவும் இடத்தில் மூத்த மருமகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தட்டு நிறைய ஸ்வீட்.

"அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்ணா. இனிமே என் சினிமா பாட்ட விட்டுடுவாங்க."

விட்டுத்தான் விட்டார்கள். அந்த வீட்டில் யாராவது பேச ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் போனால், ஹெலன் டீச்சர் ரூபியைப் பார்த்து, "ஃபீனே" என்பார். ரூபி எழுந்து போய் பேச்சை முடித்து வைப்பாள். நீளமாக ஜெபம் பண்ணும் சொந்தக்காரர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள். நான்? ரூபியின் பிள்ளைகள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வைத்த பெயர் டி.சி. மாமா. வீட்டில், தெருவில், ஸ்கூல் வாசலில், எங்கே பார்த்தாலும், "டி.சி. மாமா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடி வரும்.

இதில் வந்த வினைதான் கடைசி. போன முறை சிதம்பரம் போயிருந்தபோது, அவர்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் கக்கத்தில் ஃபைலோடு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் கூப்பிடுவதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, ஒங்க அண்ணன் டி.சி.ங்களாமே. டெபுடி கலெக்டர நேர்ல பாக்க முடியுமான்னு... எம் பட்டா விசயமா அஞ்சு வருசமா அலையிறேன். அய்யா ஒரு பார்வ பாத்தா போதும்."

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு விளக்கம் சொல்ல எழுந்தேன். ரூபி என்னைக் கையமர்த்தினாள்.

"டி.சி.தாங்க. ஆனா அவருகிட்ட குடுத்தீங்கன்னா, கடைசி வரைக்கும் போயிட்டு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு. எத்தினி தடவ குடுத்தாலும் அப்டித்தான்."

பெரியவர் ஃபைலை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டார். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"அப்ப நெசமாவே ஆபீசர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.